மஞ்சள் பூட்ஸ் வைத்த குவியல்

எர்மிந்தாவிடம் அடி வாங்காத ஆண்பிள்ளை எங்கள் பூந்தா பிராவா கரையில் ஒருவன் இருந்தான் என்றால், அவன் நேற்று வந்து இறங்கியவனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவளுடைய தம்பி நொல்பெர்த்தோவாக இருக்க வேண்டும். மற்ற எல்லோரும் ஏதாவது ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். வெளியூரிலிருந்து படகில் வந்து, பாசி பெயர்க்கப் பாறையில் கடப்பாறை போட்டவனுக்குத் தோள்பட்டை எலும்பு போனது. பாசி ஏற்ற வரும் லாரிக்காரனுக்கு, வாய்க்கொழுப்புக்காக, முன்பல் ஒன்று போனது. பென்குயின் வளைக்குள் கையை விட்டுக் குஞ்சை இழுத்துப் படம் எடுத்துக்கொள்ளப் பார்த்த சுற்றுலாக்காரன் ஒருவன் அவள் எறிந்த கல்லுக்குத் தப்பி ஓடிக் கள்ளிப் புதரில் போய் விழுந்தான். அவன் பின்புறத்திலிருந்து முள் எடுத்து முடிக்க அவன் பெண்டாட்டிக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அவளுடைய ஆயுதம் பாசி இழுக்கும் கம்புதான். ஆள் உயரத்தைவிட நீளமாக, நுனியில் இரும்புக் கொக்கியோடு இருக்கும். அலை உடைந்து திரும்புகிற நேரம் பார்த்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, புரண்டு வருகிற பாசியைக் கொக்கியில் மாட்டிக் கரைக்கு இழுத்து, காயவைத்து லாரிக்காரனுக்கு விற்பதுதான் எங்கள் பிழைப்பு. எங்கள் கடலில் பாசி என்றால் குழம்பில் போடுகிற கீரை அளவு இல்லை. ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம், ஆட்டுத்தோல் மாதிரி தடிப்பு. பிடி நழுவினால் காலைச் சுற்றி ஆளையே உள்ளே கொண்டுபோய்விடும். அப்படிப் போனவர்களுக்குக் கரைமேட்டில் சின்னச் சின்னக் கூண்டு கட்டி உள்ளே மெழுகுவத்தி வைத்திருக்கிறோம். சுற்றுலாக்காரர்கள் அதையும் அழகாக இருக்கிறது என்று படம் எடுப்பார்கள்.

எர்மிந்தாவின் அப்பா ஆடு மேய்த்தவர். மலையில் மூடுபனி இறங்காத வருஷம் புல் முளைக்காது, ஆடு சாகும். ஆடு செத்த வருஷம் அவர் கை ஓயாது. அவள் மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது அப்படிப்பட்ட ஒரு வருஷத்தில் நடந்தது. நொல்பெர்த்தோவைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா கண்ணை மூடிவிட்டாள். அன்றிலிருந்து அவன் அக்காவின் இடுப்பில்தான் வளர்ந்தான். நடக்கப் பழகின பிள்ளையின் மேல் அப்பா முதல் தடவையாகக் கை ஓங்கியபோது எர்மிந்தா அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவி அவர் கையில் வைத்துவிட்டாள். தோல் தீய்ந்த நாற்றம் அந்தக் குடிசையில் வெகுநாள் இருந்தது. அதற்குப் பிறகு அவர் பையனையும் தொடவில்லை, அவளையும் தொடவில்லை. அடித்தால்தான் ஒருத்தன் காது கொடுத்துக் கேட்பான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அது தப்பு என்று அவளுக்கு எடுத்துச் சொல்கிற யோக்கியதை எங்களில் ஒருத்தருக்கும் கிடையாது.

அவள் கட்டிக்கொண்ட அன்செல்மோ பாறையில் கடப்பாறை போடுகிறவன். அந்தக் காலத்தில் எல்லோருமே போட்டார்கள். கடல் பிய்த்துப் போடும் வரைக்கும் காத்திருப்பானேன், பாறையில் உயிரோடு நிற்கிற பாசியை அடியோடு நெம்பி எடுத்தால் ஒரே நாளில் லாரி நிரம்புமே என்ற கணக்கு. ஒருநாள் காலையில் பெரிய அலை ஒன்று அன்செல்மோவைத் தூக்கி அவன் நெம்பிக்கொண்டிருந்த அதே பாறையில் அறைந்தது. அடுத்த அலை மறுபடி அறைந்தது. எர்மிந்தா கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கி, பாசியை இழுப்பதுபோல அவன் சட்டையில் கொக்கியை மாட்டி இழுத்துவந்தாள். முகம் என்று ஒன்று அவனுக்கு மிச்சமில்லை. அவனை முழங்கை மச்சத்தை வைத்துத்தான் அடையாளம் சொன்னாள்.

எல்லோரும் நெம்பி நெம்பிப் பாறைகள் மொட்டையாயின. பாசி போனதும் மீன் போனது, நண்டு போனது, கடல்நாய் போனது. அப்புறம் அரசாங்கம் வந்தது. பூந்தா பிராவா இனிமேல் இயற்கைக் காப்பகம் என்று பலகை அடித்தார்கள். பென்குயின் தீவுக்கு எதிரே மரப்பாதை போட்டு, முனையில் பார்வை மேடை கட்டி, தொலைநோக்கி வைத்தார்கள். சனி ஞாயிறு என்றால் தலைநகரம் சந்தியாகோவிலிருந்து பேருந்து பேருந்தாக ஆள் வரத் தொடங்கியது. கரையில் இருந்த குடும்பங்களைக் கிளப்பிவிட வேண்டும் என்பதுதான் அதிகாரிகளின் முதல் யோசனை. எர்மிந்தா அவர்களுடைய அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, மேசையை ஒரு தடவை கவிழ்த்து, ஒரு தடவை அழுது, கடைசியில் ஓர் ஒப்பந்தத்தோடு திரும்பி வந்தாள்.

ஒப்பந்தம் இதுதான். கடல் தானாகப் பிய்த்துக் கரையில் போடுகிற பாசியை எடுத்துக்கொள்ளலாம். உயிரோடு நிற்கிற பாசியில் கை வைக்கக் கூடாது. நெம்பி எடுத்த பாசி ஒன்றே ஒன்று எந்தக் குவியலில் அகப்பட்டாலும், யாருடையது என்ற பேச்சே இல்லை, அத்தனை குடும்பமும் கரையை விட்டுப் போக வேண்டும். எங்களுக்குப் பின்னால் பாலைவனம், முன்னால் கடல். கரையை விட்டால் போக்கிடம் இல்லை. அதனால் எர்மிந்தா அந்த ஒப்பந்தத்தைத் தன் கம்பால் காத்தாள். கடப்பாறையோடு யார் வந்தாலும் அவளுக்கு அன்செல்மோவின் முகம் இல்லாத முகம்தான் ஞாபகம் வரும்.

நெம்பினதா, பிய்ந்து வந்ததா என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கடல் பிய்த்த பாசியின் வேர்க்கட்டி கந்தலாக இருக்கும், அடியில் கல்லும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு வரும். கடப்பாறை பட்டதின் அடி ரொட்டியைக் கத்தியால் வெட்டின மாதிரி தட்டையாக இருக்கும். பார்த்தாலே தெரிந்துவிடும். பிரச்சினை பார்ப்பதில்தான். அடுத்தவன் குவியலை எங்கள் கரையில் யாரும் கிட்டே போய்ப் பார்க்க மாட்டார்கள்.

இழுத்த பாசியைக் காயப்போட்டுக் குவித்ததும், குவியலின் தலையில் அவரவர் அடையாளத்தை வைத்துவிடுவோம். எர்மிந்தாவுக்கு ஓட்டைக் கெட்டில். நொல்பெர்த்தோவுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் கேன். பக்கத்து வீட்டுக் குஸ்தோதியோவுக்கு ஒற்றை மஞ்சள் ரப்பர் பூட்ஸ். இன்னொருத்தருக்குக் கை இல்லாத பொம்மை, இன்னொருத்தருக்கு உடைந்த நாற்காலி. அடையாளம் வைத்த குவியல் அழுகிப் போனாலும் சரி, அலை அடித்துப் போனாலும் சரி, உடையவனைத் தவிர வேறு கை அதில் படாது. அடையாளத்தை மாற்றி வைப்பது என்ற நினைப்பே எங்களில் யாருக்கும் வந்ததில்லை. திருடனுக்குக்கூட வந்ததில்லை. குவியல் எந்த இடத்தில் இருந்தாலும் சரி, அதன் மேல் பூட்ஸ் இருந்தால் அது குஸ்தோதியோவின் குவியல், அவ்வளவுதான்.

குஸ்தோதியோ வாயாடி. எர்மிந்தாவை "மகாராணி" என்று கூப்பிட்டுவிட்டு உயிரோடு நடமாடியவன் அவன் ஒருவன்தான். அவனும் ஒரு தடவை காதோரம் வாங்கியிருக்கிறான், அதையே சிரிக்கச் சிரிக்கச் சொல்லித் திரிவான். அன்செல்மோ செத்த குளிர்காலத்தில் அவனும் அவன் பெண்டாட்டி லுத்மிராவும்தான் எர்மிந்தாவுக்கு முகம் சுளிக்காமல் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார்கள். அவள் அதற்கு நன்றி சொன்னதில்லை. அவளுக்குச் சொல்ல வராது.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி முழுக்கக் கடல் கொந்தளித்து, முனைக்கு அந்தப் பக்கம் நிறையப் பாசியை ஒதுக்கியிருந்தது. விடிந்ததும் எல்லாக் குடும்பமும் கம்போடு அங்கே போய்விட்டோம். மத்தியானம் தலைநகரத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் ஒப்பந்தம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வருவதாக யாஸ்னா முன்னமே சொல்லியிருந்தாள். யாஸ்னா எங்கள் காப்பகத்துக் காவலர். நல்ல பெண், பயந்த பெண். எர்மிந்தா எங்கள் குவியல்களை நினைத்துத் துளியும் கவலைப்படவில்லை. நம் ஆட்கள் யார் கடப்பாறை எடுக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

நாங்கள் அந்தப் பக்கம் இருந்தபோது ஒரு பேருந்து வந்து நின்றது. ஏதோ ஒரு கம்பெனிக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே பச்சை பனியன், கையுறை, சாக்குப்பை. இயற்கைக்குத் தொண்டு செய்ய வந்திருக்கிறார்களாம். காப்பகத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்னால் கரையைச் சுத்தம் செய்தார்கள். கடற்கரையில் ஓட்டைக் கெட்டிலையும் ஒற்றை பூட்ஸையும் கை இல்லாத பொம்மையையும் பார்த்தால் அவர்களுக்கு என்ன தோன்றும்? அத்தனையையும் சாக்கில் அள்ளிவிட்டார்கள். ஒரு குவியலை மூடியிருந்த நீலத் தார்ப்பாயையும் உருவிச் சுருட்டினார்கள். யாஸ்னா வந்து பார்த்தபோது கரை துடைத்து விட்டாற்போல இருந்தது.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அது குப்பை இல்லை, ஜனங்களின் அடையாளம், எங்கிருந்து எடுத்தீர்களோ அங்கேயே திருப்பி வையுங்கள் என்று கெஞ்சினாள். அவர்களும் பாவம், பதறிப்போய், ஞாபகம் வந்த இடத்தில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். அதற்குள் மேலதிகாரியின் வண்டி காப்பகத்து வாசலுக்கு வந்துவிட்டது என்று யாஸ்னாவுக்குத் தகவல் வர, அவள் அப்படியே ஓடினாள். பனியன்காரர்கள் கடல்சிங்கம் பார்க்க மேடைக்குப் போய்விட்டார்கள். இசிதோரா என்ற ஒரு பெண் மட்டும் மிச்சச் சாக்கைக் கட்டிக்கொண்டு கரையில் பின்தங்கியிருந்தாள்.

முனையைச் சுற்றி முதலில் திரும்பி வந்தவள் எர்மிந்தா. ஈரப் பாசியைத் தோளில் சுமந்து வந்தவள், பெரிய பாறைக்குப் பின்னாலிருந்த குவியலைக் கடக்கும்போது நின்றாள். தட்டையாக வெட்டுப்பட்ட வேர்க்கட்டிகள், ஒன்று இரண்டு இல்லை, குவியலின் பாதி அதுதான். பச்சை மாறாமல், வெட்டுவாய் காயாமல் இருந்தன. தலையில் குஸ்தோதியோவின் மஞ்சள் பூட்ஸ்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதிகாரி வந்துவிடுவான். இதைப் பார்த்தால் எல்லாம் முடிந்தது. லுத்மிராவின் கைக்குழந்தை முதல் அவள் தம்பி வரை அத்தனை பேரும் மூட்டை கட்ட வேண்டும். அதுவும் யாரால்? கஞ்சி ஊற்றின கையால். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

குஸ்தோதியோ சுமையோடு பாறையைச் சுற்றி வந்தான். அவள் நிற்பதைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மகாராணி, குவியலுக்கு முன்னால நின்னு ஜெபமா?"

எர்மிந்தா ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பைச் சுழற்றி வீசினாள். மண்டையில் படும் என்றுதான் வீசினாள். அவன் சுமையைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பியதில் கொக்கி கண்ணில் ஏறியது. அவன் கத்தவில்லை. காற்றுப் போன மாதிரி ஒரு சத்தம் வந்தது, மண்டியிட்டான். அவள் கம்பை இழுத்தபோது கொக்கியோடு வந்ததை அவளே பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கை நிற்கவில்லை. விழுந்து கிடந்தவனின் விலாவில் கம்பின் அடியால் இன்னும் இரண்டு போட்டாள். பின்னால் வந்த ஆட்கள் பிடித்து இழுக்காவிட்டால் கொன்றிருப்பாள்.

லுத்மிரா ஓடிவந்து புருஷனைப் பார்த்தாள். கீழே கிடந்த கல்லை எடுத்து எர்மிந்தாவின் நெற்றியில் அடித்தாள். நெற்றி பிளந்து இரத்தம் வாய்க்குள் இறங்கியது. எர்மிந்தா துடைக்கக்கூட இல்லை, குவியலைக் கையால் காட்டினாள். அப்போதுதான் மற்றவர்களும் பார்த்தார்கள். லுத்மிராவின் கையில் இருந்த இரண்டாவது கல் அப்படியே நின்றது.

குஸ்தோதியோ ஒரு கையால் கண் இருந்த இடத்தைப் பொத்திக்கொண்டு, மறுகண்ணால் குவியலைப் பார்த்தான்.

"பூட்ஸ் என்னுதுதான். குவியல் என்னுதில்ல" என்றான்.

அப்படி ஒரு பேச்சை எங்கள் கரையில் யாரும் கேட்டதில்லை. கண் போன பிறகும் கூசாமல் பொய் சொல்கிறானே என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. ஒருத்தன் காறித் துப்பினான். கூட்டத்தில் நொல்பெர்த்தோவும் நின்றிருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தின் பின்பக்கமாக நழுவியதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

மரப்பாதையில் ஆள் வருகிற சத்தம் கேட்டது. அடுத்தவன் குவியலில் கை வைத்துத் தள்ளுவதா, குஸ்தோதியோவைத் தூக்குவதா என்று எல்லோரும் திகைத்து நின்றபோது அவனே சொன்னான்.

"என்னை அப்புறம் பாக்கலாம். மொதல்ல அதைத் தண்ணியில தள்ளுங்க. அந்தாளு வர்றான்."

தள்ளினோம். பெண்கள், கிழவர்கள், எல்லோரும் கையாலும் கம்பாலும் வாரி வாரி அலைக்குள் எறிந்தோம். தன்னுடையது இல்லாத பாசிக்காக அவன் மணலில் இரத்தம் வடிய உட்கார்ந்திருந்தான், நாங்கள் அவனைத் தாண்டித் தாண்டி ஓடினோம். மேலதிகாரி பாறையைச் சுற்றி வந்தபோது குவியல் இருந்த இடத்தில் ஈர மணல்தான் இருந்தது. வெட்டுப்பட்ட வேர்கள் கொஞ்ச தூரத்தில் மிதந்துகொண்டிருந்தன. யாஸ்னா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஐயா அங்கே பாருங்கள், இரண்டு ஆண் கடல்சிங்கம் சண்டை போடுகிறது என்று அதிகாரியை எதிர்ப்பக்கம் திருப்பினாள். நிஜமாகவே போட்டுக்கொண்டிருந்தன. கழுத்துத் தோல் கிழிந்து தொங்க ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டிருந்தன, மேடையில் நின்ற பனியன்காரர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று அதிகாரி கேட்டார். எர்மிந்தா வாயைத் திறந்தாள். குஸ்தோதியோ முந்திக்கொண்டான்.

"பாறையில வழுக்கிட்டேன் ஐயா. சிப்பி குத்திடுச்சு."

அடி என்று சொன்னால் ஏன் அடித்தாள் என்று கேட்பார்கள். கேட்டால் பாசி வெளியே வரும், பாசி வந்தால் கரை போகும். அவனுக்கு அது தெரியும். அதிகாரி அவன் காலைப் பார்த்துவிட்டு, பாறையில் நடக்கும்போது நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும் என்று புத்தி சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

யாஸ்னாவின் வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகு, இசிதோரா எர்மிந்தாவிடம் வந்தாள். அவள் சாக்குப்பையோடு பாறையோரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"அம்மா, அந்த பூட்ஸ் இந்த எடத்துக் குவியல்ல இருந்ததே இல்லைங்க. நாங்கதான் குப்பைன்னு எல்லாத்தையும் எடுத்துட்டோம். திருப்பி வைக்கிறப்ப மாத்தி வச்சுட்டோம்னு நெனக்கிறேன். அந்தக் குவியலை நீலத் தார்ப்பாய் மூடியிருந்துச்சு. மேல ஒரு வெள்ளை கேன் இருந்துச்சு."

எர்மிந்தா அவளை அடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அடிப்பாள் என்று எதிர்பார்த்து ஒதுங்கிக்கூட நின்றார்கள். வெளியே யாரிடமும் இதைச் சொல்லாதே, ஊர் போய்ச் சேர் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண்ணும் இன்றுவரை வெளியே சொன்னதாகத் தெரியவில்லை. சொன்னால் அவள் பங்கும் அதில் இருக்கிறதே.

நொல்பெர்த்தோ தன் குடிசையில் உட்கார்ந்து வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தான். ஓடிப்போகவில்லை. அக்கா இருக்கும்போது அவன் எதற்கு ஓட வேண்டும்? அவனைப் பள்ளிக்கூடத்தில் அடித்த பையனை அவள் அடித்தாள். அவனை ஏமாற்றின பெண்ணின் அண்ணனை அவள் அடித்தாள். அவன் படகுக்குப் புது மோட்டார் எங்கிருந்து வந்தது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் வாசலில் நின்றாள். நெற்றி இரத்தம் காய்ந்து கண் இமையில் ஒட்டியிருந்தது.

"நீயா?"

"என்னது நானா? குஸ்தோதியோ பூட்ஸ்தானே இருந்துச்சு?"

"கேக்குறேன். நீயா?"

அவன் மீன் முள்ளைத் துப்பினான். அவள் உள்ளே வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். தம்பி, எதுவாக இருந்தாலும் உன் வாயால் சொல்லிவிடு, நீ சொன்னால் நான் நம்புகிறேன் என்றாள். சொல்லும்போது குரல் கெஞ்சியது. அந்தக் கெஞ்சல்தான் அவனுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும்.

"ஆமாக்கா. நான்தான். கடல் எப்போ போடும்னு கையேந்திக்கிட்டு நிக்க என்னால முடியாது." அப்புறம் சிரித்தான். "நல்லதாப் போச்சு, நீ வர்றவன் போறவன் எலும்பையெல்லாம் உடைச்சு விரட்டிட்டே. இந்தப் பாறைப் பக்கம் வேற எவனும் வரல. எனக்குத்தான் காவல் காத்திருக்கே."

கடப்பாறை கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. அவள் குனிந்து எடுத்தாள். அவன் நம்பவில்லை, உட்கார்ந்தபடியே பார்த்தான். முதல் அடி மேசையைப் பிளந்தது. அப்போதுதான் எழுந்தான். அடுப்பிலிருந்த இரும்பு வாணலியைத் தூக்கி அவள் வாயில் அடித்தான், கொதித்த எண்ணெய் அவள் கழுத்தில் வழிந்தது, பல் இரண்டு அவள் நாக்கில் உதிர்ந்தது. அவள் பின்வாங்கவில்லை. சுவரோடு சேர்த்து அவனை நெருக்கி, வலது கையைக் கதவு நிலையில் அழுத்தி, மணிக்கட்டில் கடப்பாறையை இறக்கினாள். அவன் குழந்தையாக இருந்தபோது அழுத அதே குரலில் அலறினான். அந்தக் குரலைக் கேட்டும் இன்னொரு தடவை இறக்கினாள்.

பிறகு அவளே அவன் கைக்கு மரச்சிம்பு வைத்துக் கட்டினாள். தன் பாவாடையைக் கிழித்துத்தான் கட்டினாள். கடப்பாறையைக் கடலில் எறிந்தாள். அவன் துணிமணியை ஒரு சாக்கில் திணித்து, பாசி ஏற்ற வந்த லாரியில் அவனைக் கொண்டுபோய் ஏற்றினாள். முன்பல் போன லாரிக்காரன் வாயைத் திறக்காமல் கதவைத் திறந்துவிட்டான்.

"என்னை விட்டா உனக்கு யாரு இருக்கா?" என்று நொல்பெர்த்தோ கேட்டான்.

"யாரும் இல்ல. ஏறு."

லாரி மேட்டில் ஏறி மறைகிற வரைக்கும் நின்றாள். அன்றைக்கு அவள் அழுதாளா என்று கேட்டால், அழுதாள். கரை முழுக்கக் கேட்கும்படி அழுதாள், யாரும் கிட்டே போகவில்லை. அவன் அதற்குப் பிறகு வரவில்லை. வடக்கே ஏதோ துறைமுகத்தில் இடது கையால் மூட்டை தூக்குகிறான் என்று கேள்வி.

குஸ்தோதியோ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வர நாள் பிடித்தது. கண் இருந்த இடம் தைத்து மூடியிருந்தது. கரை கரையாகவே இருந்தது, ஒப்பந்தம் ஒப்பந்தமாகவே இருந்தது, சுற்றுலாக்காரர்கள் பென்குயின் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எர்மிந்தா அவன் வந்த செய்தி கேட்டும் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அப்புறம் ஒரு காலையில் கம்பை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். லுத்மிரா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரட்டும் என்று குஸ்தோதியோ குரல் கொடுத்தான்.

அவன் பெஞ்சில் உட்கார்ந்து கடல்முள்ளெலி உடைத்துக்கொண்டிருந்தான். கத்தி ஓட்டில் படாமல் விரலில் பட்டிருந்தது, இன்னும் தூரம் பிடிபடவில்லை அவனுக்கு. எர்மிந்தா கம்பை அவன் மடியில் வைத்தாள். கொக்கிப் பக்கம் தன்னை நோக்கி இருக்கும்படி வைத்தாள்.

"அடி" என்றாள். பல் போன வாயில் அந்த வார்த்தை சரியாக வரவில்லை.

"ஒத்தைக் கண்ணு. குறி தப்பும்" என்றான் அவன். சிரிக்கவில்லை.

அவன் கம்பைத் தூக்கிச் சுவரில் சாத்தினான்.

"நொல்பெர்த்தோ கை போச்சாமே."

"ஆமா."

"அடிக்கிறதுக்கு முன்னால அவனைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"மொதல்ல சொல்லல. திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்புறம்தான் சொன்னான்."

குஸ்தோதியோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இருக்கிற கண்ணால் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, எர்மிந்தா."

லுத்மிரா கதவைத் திறந்து பிடித்தாள், எர்மிந்தா கம்பை அங்கேயே விட்டுவிட்டு வெளியே நடந்தாள்.